நூறு வருஷத்துக்கு ஒரு சுற்று: கடிகாரம் செய்த வக்கீல் வால்டர் ஃபோல்கர்

(திரையில்: ஆளுயர மரப்பெட்டிக் கடிகாரம். மெல்ல முகப்புக்கு நெருங்குகிறோம்.)

வணக்கம். முதலில் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம், செய்த ஆளைப் பற்றி அப்புறம் பேசலாம். மணி காட்டுவதெல்லாம் இதற்குச் சில்லறை வேலை. தேதி, வருஷம், வானத்தில் சூரியன் நிற்கும் இடம், வளர்பிறை தேய்பிறை எல்லாமே இதில் தெரியும். உள்ளே ஒரு பல்சக்கரம் இருக்கிறது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன அல்லவா, நம் பஞ்சாங்கத்தில் ராகு கேது என்று போடுவோமே, அவற்றின் நகர்வைக் கணக்கு வைக்கிற சக்கரம் அது. ஒரு சுற்று வர 18 வருஷம் 225 நாள்!

அது போதாதென்று வருஷத்தைக் காட்ட இன்னொரு சக்கரம். பத்து வருஷம் அசையாமல் நிற்கும், ஒரே ஒரு பல் நகரும், மறுபடி பத்து வருஷம் நிற்கும். முழுச் சுற்றுக்கு நூறு வருஷம். கடிகாரம் ஓட ஆரம்பித்தது 1790 ஜூலை 4. அப்போது செய்தவருக்கு வயது 25. ஒரு சுற்று முடிவதைக்கூடத் தான் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் உட்கார்ந்து அந்தச் சக்கரத்துக்குப் பல் அராவியிருக்கிறார்.

(திரையில்: அமெரிக்காவின் கிழக்குக் கரை வரைபடம், நான்டக்கெட் தீவு.)

அவர் பெயர் வால்டர் ஃபோல்கர். அப்பா பெயரும் அதே என்பதால் இவரை இளைய வால்டர் என்பார்கள். 1765இல் நான்டக்கெட் தீவில் பிறந்தார். மாசசூசெட்ஸ் கரையிலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் கிடக்கிற மணல் தீவு. பெரிதாக விவசாயம் கிடையாது. பிழைப்பு என்றால் திமிங்கில வேட்டைதான். ஆண்கள் கப்பலேறினால் திரும்பி வர வருஷக்கணக்கில் ஆகும். அவர்கள் கொண்டுவரும் எண்ணெய்தான் ஊர் ஊராக விளக்கு எரித்தது.

ஃபோல்கர் குடும்பம் அங்கே பழைய குடும்பம். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் அம்மா அபையா ஃபோல்கர் இந்தத் தீவில் பிறந்தவர்தான். அட்லாண்டிக் கடலில் ஓடும் வளைகுடா நீரோட்டத்தைக் (Gulf Stream) காட்டும் வரைபடத்தை ஃபிராங்க்ளினுக்குப் போட்டுக் கொடுத்ததும் டிமதி ஃபோல்கர் என்கிற உறவுக்காரக் கப்பல் தலைவர்தான். அந்த வீட்டு ரத்தத்திலேயே ஏதோ இருந்திருக்கிறது போல.

நம் வால்டருக்குப் பெரிய படிப்பு கிடையாது. உள்ளூர்ப் பள்ளிக்கூடம், அதற்கு மேல் எல்லாம் வீட்டிலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டுதான். கணிதம், வானியல், பிரெஞ்சு, அப்புறம் சட்டம். வக்கீலானார், நீதிபதியாகவும் உட்கார்ந்தார். நடுவில் கண்ணாடியைத் தானே தேய்த்து ஒரு பிரதிபலிப்புத் தொலைநோக்கி வேறு செய்துகொண்டார். ஊர்க்காரர்கள் இவரை ஹக்கிள்பெரிப் பழம் போட்ட சௌடர் மாதிரி விசித்திரமானவர் என்பார்களாம். சௌடர் அந்தப் பக்கத்து மீன் சூப். நம்மூரில் நாவல்பழம் போட்டு மீன்குழம்பு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி!

சரி, அரசியலுக்கு வருவோம். எனக்கு இங்கேதான் ஆள் ரொம்பச் சுவாரசியமாகப் படுகிறார்.

1808இல் மாசசூசெட்ஸ் கீழவை, 1809இலிருந்து 1815 வரை மாநில செனட். கட்சி எது? அடுத்தடுத்து ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன், மாடிசன் இரண்டு பேரின் குடியரசுக் கட்சி. (இன்றைய குடியரசுக் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது 1854இல் வந்தது.) 1807 கடைசியில் அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகக் கூடாது என்று தடை போட்டது இதே ஜெஃபர்சன். 1812இல் பிரிட்டனோடு போருக்குப் போனது இதே மாடிசன். கப்பலை நம்பி வாழ்கிற தீவில் இருந்துகொண்டு கப்பலை நிறுத்திய கட்சியில் இருப்பது லேசான காரியமா?

போரில் நான்டக்கெட்டின் திமிங்கிலக் கப்பல்களில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கரையிலிருந்து சோளம், விறகு, துணி வருவதே பெரும்பாடு. 1814 ஆகஸ்டில் தீவு, 'எங்களுக்கு இந்தப் போரே வேண்டாம், நாங்கள் நடுநிலை' என்று பிரிட்டிஷ் கடற்படையிடம் சொல்லிவிட்டது. வயிறு காய்ந்தால் கொடியாவது கட்சியாவது! அந்த வருஷங்களில் வால்டர் என்ன செய்தார் தெரியுமா? பஞ்சு, கம்பளி நூற்று நெய்கிற ஒரு ஆலையை நடத்தினார். துணி வராத தீவுக்கு அப்போது மேடைப்பேச்சைவிட அதுதான் உதவியிருக்கும்.

1817இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். பிரிட்டிஷ்காரர்கள் 1814இல் நாடாளுமன்றம் கூடும் கேப்பிடல் கட்டடத்தைக் கொளுத்தியிருந்தார்கள், அதனால் முதல் இரண்டு வருஷமும் அவர் உட்கார்ந்தது பக்கத்தில் அவசரத்துக்குக் கட்டிய ஒரு செங்கல் கட்டடத்தில். மிசௌரியை அடிமைமுறையை அனுமதிக்கிற மாநிலமாகச் சேர்ப்பதா என்ற பெரிய சண்டை நடந்த அவையும் அவர் இருந்த அவைதான். 1820 தேர்தலில் தோற்று, ஊருக்குத் திரும்பி, மறுபடி கறுப்புக் கோட்டு. 1822இல் மாநில செனட்டுக்கு இன்னொரு முறை போய் வந்தார், அதோடு சரி.

(திரையில்: 1846 தீ விபத்து ஓவியம்.)

1846 ஜூலையில் பெரிய தீ நான்டக்கெட் நகரத்தின் மையத்தையே தின்றது. எண்ணெய்க் கிடங்குகள் நிறைந்த ஊர், கேட்க வேண்டுமா? வால்டருக்கு அப்போது 81 வயது. மூன்று வருஷம் கழித்து, 1849 செப்டம்பரில், அதே தீவில் காலமானார். கடிகாரம் தீக்குத் தப்பிவிட்டது. இப்போது அது அங்குள்ள வரலாற்றுச் சங்கத்தின் வசம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இதே ஊரில் 1847இல் தொலைநோக்கி வழியாக ஒரு வால்மீனைக் கண்டுபிடித்த மரியா மிட்செல் பற்றி அடுத்த வீடியோவில் பேசுவோம்.