மலையில் விழவில்லை, டீக்கடை முன்னால் விழுந்தேன்

(காட்பாடியில் பைக் ஓட்டுபவர்களுக்கு நடந்த கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பாதிப் பேர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு கீறல் பட்டதில்லை. நான் விழுந்தது விருதம்பட்டில், டீ குடித்துவிட்டுக் கிளம்பிய முதல் இடது திருப்பத்தில். சைடு ஸ்டாண்டை எடுக்கவில்லை. வண்டி இடது பக்கம் சாய்ந்ததும் ஸ்டாண்டு தரையில் முட்டி வண்டியையே தூக்கிப் போட்டது, காறை எலும்பு முறிந்தது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை, அதனால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தபோது என் மனைவி சொன்னது இது: "கேஸை அணைக்க மறக்கிறீங்க, வண்டியிலயே சாவியை விட்டுட்டு வர்றீங்க, இப்போ ஸ்டாண்டு. எல்லாம் ஒண்ணுதாங்க. ஒரு டாக்டரைப் பார்க்கலாமே." பார்த்தோம். 41 வயதில் எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது சின்ன வயசிலிருந்தே கவனம் ஒரு இடத்தில் நிலைக்காமல் போகிற குறைபாடு, இருப்பது தெரிந்தது.

டாக்டர் முதலில் கேட்டது என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி. 12 வயதுக்கு முன்பே இதன் அடையாளங்கள் இருந்திருக்க வேண்டுமாம், பெரியவனான பிறகு திடீரென்று வருவதில்லை. இதைக் கவனக்குறைவு என்கிறோம், ஆனால் என் அனுபவத்தில் கவனம் குறைவாக இல்லை, வேண்டிய இடத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான். மலை வளைவில் ஒவ்வொரு நொடியும் புதுசு, மனசு தானாக ஒட்டிக்கொள்ளும். தினமும் போகிற பாலாற்றுப் பாலத்தில் அது எங்கேயோ போய்விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி மனசு நழுவினால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும், அந்த 33 மீட்டரில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றுவிடலாம்.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவீடனில் ஏ.டி.எச்.டி. உள்ள 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் 2006 முதல் 2009 வரையிலான பதிவுகளைப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்களுக்கு, மருந்து எடுத்த காலத்தில் கடுமையான சாலை விபத்துகள், எடுக்காத காலத்தைவிட 58 சதவீதம் குறைவு. பெண்களிடம் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரை இல்லை, மனநல மருத்துவர் எழுதித் தர வேண்டும். நம் ஊரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ஊர் என்ன பேசும் என்று யோசித்து யோசித்துத்தான் நான் பல வருஷம் வீணாக்கினேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஆனால் மாத்திரை ஸ்டாண்டை எடுத்துவிடாது. "கவனமா ஓட்டுப்பா" என்று சொல்வதும் எங்களுக்கு உதவாது, ஏனென்றால் கவனம் தேவை என்பதே அந்த நேரத்தில் ஞாபகம் வராது. அதனால் ஞாபகத்தைத் தலையில் வைக்காமல் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி வெளியே வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சாவியை ஹெல்மெட்டுக்குள் போடுவேன், ஹெல்மெட்டைத் தொடாமல் வண்டி எடுக்கவே முடியாது. பக்கிள் 'டிக்' என்று கேட்ட பிறகுதான் சாவி துளைக்குள் போகும். அடுத்தது இடது குதிகாலைப் பின்னால் தள்ளி ஸ்டாண்டு மேலே இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், அப்புறம்தான் கியர். 2020-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது, என் வண்டி அதைவிடப் பழசு.

போன் சீட்டுக்கு அடியில். சட்டைப் பையில் அது ஒரு தடவை அதிர்ந்தாலே போதும், அரை கிலோமீட்டர் நான் சாலையில் இல்லை. இண்டிகேட்டரை நிறுத்த மறப்பதும் எங்களிடம் அதிகம். வலது பக்கம் மினுக்கிக்கொண்டே நேராகப் போனால், எதிரில் திரும்பக் காத்திருப்பவர் நாம் திரும்புகிறோம் என்று நம்பிக் குறுக்கே வந்துவிடுவார். அதனால் ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும், போட்டிருந்தேனோ இல்லையோ, கட்டைவிரலால் அந்தப் பட்டனை ஒரு அழுத்து.

பழகிய ரோட்டில் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுப் பேசிக்கொண்டு போவேன்: "பஸ் நிக்குது, ஆள் இறங்குவாங்க… நாய்… கார் கதவு திறக்கலாம்." பேசுகிற வரைக்கும் கண் ரோட்டில் இருக்கும்.

சரி, போதும். வண்டியெல்லாம் வாசலில்தானே நிற்கிறது, வாருங்கள், ஹெல்மெட், பக்கிள், சாவி, குதிகால், கியர் என்று ஒவ்வொருவரும் பத்து தடவை செய்து பார்ப்போம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.