நமன் வாரான் என்று அவர் பாடவில்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். வாழ்க்கைத் துணை புற்றுநோயோடு வாழும் வீட்டில் பிரார்த்தனை மாற்றுவது நோயையா, பிரார்த்திப்பவரையா என்பது இன்றைய கேள்வி. பிரார்த்திப்பவரையே என்று பேச வந்திருக்கிறேன். என் கணவருக்கு மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இந்தக் கட்சியை வாதத்திற்காக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மைலோமாவைக் கட்டுக்குள் வைக்க மருந்துகள் உண்டு. அடியோடு நீக்குவது அரிது. நோய் அடங்கும், சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி தலைதூக்கும், மருந்தை மாற்றுவார்கள், மீண்டும் அடங்கும். எதிரணியின் முதற்பேச்சாளர், உறுதியான நம்பிக்கையோடு கேட்டால் நோய் நீங்கும் என்றார். அவருடைய பரிவை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை, நோய் திரும்பி வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளில், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். நீங்கவில்லை என்றால் நம்பிக்கை போதவில்லை என்றே அதற்குப் பொருளாகிறது. மஜ்ஜையில் புற்றாக மாறிய பிளாஸ்மா செல்கள் பெருகியதற்கு மனைவியின் வேண்டுதலில் இருந்த குறைதான் காரணம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அன்றிரவு என்னால் பிரார்த்திக்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர், எனக்கிருந்த ஒரே ஆறுதலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரார்த்தனையின் பலனை உடலில் அளக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஹெர்பர்ட் பென்சன் தலைமையிலான குழு, அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 பேரை வைத்து நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டது. தமக்காகப் பிறர் பிரார்த்திக்கிறார்களா என்று தெரியாதவர்களில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் நேர்ந்தன. பிரார்த்திக்கப்படுவது உறுதி என்று அறிந்திருந்தவர்களில் அது 59 விழுக்காடாக இருந்தது. இது இதய நோயாளிகளைப் பற்றியது, பிரார்த்தித்தவர்களும் அவர்களுக்கு முன்பின் அறியாதவர்கள். ஒரு மனைவியின் வேண்டுதலை எந்த ஆய்வும் எடைபோட்டுவிடாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடல் தேறுவதையே தராசாக வைப்பவர்கள், அந்தத் தராசு காட்டிய எடையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?

திருநாவுக்கரசரின் சூலை நோய் பதிகம் பாடித் தீர்ந்ததை எதிரணி நண்பர் உருக்கமாக எடுத்துக்காட்டினார். அந்த வரலாற்றை நானும் கைகூப்பியே கேட்கிறேன். ஆனால் நோய் தீர்ந்த அதே அப்பரடிகள், பின்னாளில் பல்லவ மன்னனின் ஆணை வந்தபோது என்ன பாடினார்? 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்றார். நமன் வாரான் என்று அவர் பாடவில்லை. வருவான் என்று தெரிந்தே, அஞ்சோம் என்றார். வயிற்றுவலி நீங்கியதைவிட அந்த அஞ்சாமையே அவருடைய வழிபாட்டின் பெரும்பேறு என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் பிரார்த்தனை வெறும் மனத்தேறுதல்தானா என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். வெறும் என்ற சொல் எனக்கு வலிக்கிறது. என் கணவர் வாரத்தில் ஒருநாள் டெக்சாமெதாசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொள்வார். அன்றிரவு அவருக்கு உறக்கம் இராது. ஆயுளில் ஒருமுறையும் குரல் உயர்த்தாத மனிதர், தண்ணீர்க் குவளை இடம் மாறியிருந்ததற்காகக் கத்துவார். அது மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பின்னிரவு மூன்று மணிக்கு, தூக்கமின்றிக் களைத்த ஒருத்திக்கு அந்த அறிவு கைகொடுப்பதில்லை. முதலாண்டில் நானும் திருப்பிக் கத்தியிருக்கிறேன். விடிந்தபின் இருவரும் அழுதிருக்கிறோம். இப்போது அறைக்கு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து நின்று, 'இவர்மேல் எனக்குக் கோபம் வராமல் காத்தருள்வாய்' என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போகிறேன். அவருடைய இரத்தத்தில் அதனால் ஓர் அணுவும் மாறியிராது. ஆனால் அந்த அறைக்குள் திரும்பிப் போகிறவள், வெளியே வந்தவள் அல்லள். இதைச் செய்யும் இறைவனைச் சிறியவன் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் உயிர் இருக்கிறது. இந்தச் சிகிச்சையில், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்கூட அவசர நிலை. தாமதித்தால் தொற்று இரத்தத்தில் பரவிவிடக்கூடும். நோயைத் தீர்ப்பதே பிரார்த்தனையின் வேலை என்று நம்பும் வீட்டில், விடியட்டும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று காத்திருக்கத் தோன்றும். என்னை மாற்றுவது அதன் வேலை என்று நான் நம்புவதால், வெப்பமானியைக் கண்டதும் கால்கள் சோராமல் அவரை எழுப்பி அழைத்துச் செல்லும் தெம்பைத்தான் கேட்கிறேன். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர், அந்த நான்காமவனையும் மற்ற மூவரோடு ஒப்பவே நிறுத்தினார். அந்த நான்காமவர் சரிந்துவிட்டால் மற்ற மூன்றும் வீட்டுவாசலைத் தாண்டி உள்ளே வருவது கடினம். அவரைத் தாங்கிப் பிடிப்பதைப் பிரார்த்தனையின் சிறு பயன் என்று யார் சொல்ல முடியும்?

நடுவர் அவர்களே, இரண்டு வாரங்களில் அவருடைய அடுத்த பரிசோதனை முடிவு வருகிறது. அது நல்லதாக இருக்க வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்காமல் எந்த மனைவியால் இருக்க முடியும்? அதோடு, உறையைப் பிரிக்கும்போது என் கை நடுங்கக் கூடாது என்றும் கேட்கிறேன். அறிக்கையைப் பார்ப்பதற்கு முன் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார்.