சித்தப்பாவோட "இம்யூனிட்டி மாத்திரை"யும் என் 140 ரூபா கட்டரும்

வணக்கம் மக்களே. போன வீடியோவுல ஃபேன் சத்தம்னு திட்டுனீங்கல்ல, ஆஃப் பண்ணிட்டேன். வேர்த்து ஊத்துது, பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு செம கடுப்பு. குடும்ப வாட்ஸப் குரூப்ல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருக்காரு. நால்ட்ரெக்சோன்னு ஒரு மாத்திரையை ராத்திரி துளியூண்டு போட்டா எதிர்ப்பு சக்தி எகிறுமாம். ஃபார்வர்டுன்னாலே எனக்கு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும்.

அது 50 மில்லிகிராம் மாத்திரைங்க. போதைப் பழக்கத்துல இருந்து மீள்றவங்களுக்காக 1984ல அமெரிக்காவுல அனுமதிச்சது. மூளை செல்கள் மேல மார்ஃபின் மாதிரி மருந்துங்க உக்கார்ற சீட்டுல (ரிசெப்டர்ம்பாங்க) முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிச்சுக்கும். "துளியூண்டு"ன்னா 4.5 மில்லிகிராம். பதினொண்ணுல ஒரு பங்கு! வெட்டிக் காட்டலாம்னு 140 ரூபாய்க்கு மாத்திரை கட்டர் வாங்குனேன். கால்சியம் மாத்திரைய வெச்சேன். முதல் வெட்டு, ரெண்டாச்சு. ரெண்டாவது வெட்டு, ஒரு துண்டு ஃப்ரிட்ஜ் அடியில. மூணாவது வெட்டு, கோலமாவு! 140 ரூபாங்க! வெளிநாட்டுல இந்த டோஸை மருந்துக்கடையிலயே தனியா கேப்சூல் கட்டித் தர்றாங்கன்னா சும்மாவா?

அய்யோ, எதிர்ப்பு சக்திக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னே சொல்லலையே. வெள்ளை அணுக்கள் மேலயும் அதே சீட்டு இருக்கு. மார்ஃபின் உக்காந்துட்டா கிருமியை விழுங்குற செல் மந்தமாயிடும். குடல் சுவரும் ஒழுக ஆரம்பிக்கும், கிருமி உள்ள போகும். 1898லயே கான்டகுசேன்னு ஒருத்தர் கினிப் பன்றிகள்ல பார்த்துட்டாரு. மார்ஃபின் வகை மருந்துங்களை ஓபியாய்டும்பாங்க. எல்லா ஓபியாய்டும் ஒரே மாதிரி இல்ல, ப்யூப்ரெனார்ஃபின்னு ஒண்ணு கொஞ்சம் சாது.

உடனே, "அப்போ அந்த சீட்டைத் தடுக்குற மருந்து போட்டா எதிர்ப்பு சக்தி ஏறுமே"ன்னு கணக்குப் போடுறாங்க. துளி டோஸ் சில மணி நேரம் அடைச்சுட்டு விலகுனதும் உடம்பு எண்டார்ஃபின்ங்கிற தன்னோட சொந்த வலி மருந்தைக் கூடுதலா சுரக்கும்னு ஒரு கருத்து. மூளையில காவல் காக்குற மைக்ரோக்ளியா செல் கிளப்புற அழற்சியைத் தணிக்கும்னு இன்னொண்ணு. தணிக்கிறதுக்குப் பேரு ஏத்துறதா? 2024ல வெளியான டென்மார்க் ஆய்வுல, ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க தீராத வலி இருக்கிற 99 பெண்களுக்கு 12 வாரம் 6 மில்லிகிராம் வரைக்கும் குடுத்துப் பார்த்தாங்க. வலி விஷயத்துல டம்மி மாத்திரையத் தெளிவா ஜெயிக்கல.

இருங்க, முக்கியமானதை விட்டுட்டேன்! சித்தப்பா முட்டிவலிக்கு டிரமடால் போடுறவரு, அதுவும் ஓபியாய்டுதான். நால்ட்ரெக்சோனைச் சேர்த்துப் போட்டா வலி மருந்து சரியா எடுபடாது, ரொம்ப நாளா போடுறவங்களுக்கு வாந்தி, பேதி, நடுக்கம்னு வந்து நிக்கும். அலறி அடிச்சு போன் பண்ணேன். "நான் எங்கம்மா போட்டேன்? சும்மா அனுப்புனேன்"ங்கறாரு.

கட்டரை ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களாம். ஃப்ரிட்ஜ் அடியில எறும்பு வந்துடுச்சு.