பூனைக்கு இன்சுலின்: மலைவீட்டில் கவனிக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

பூனை தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகர மறுக்கிறது. மண் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. முன்பைவிட அதிகம் தின்கிறது, ஆனாலும் தடவிப் பார்த்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. சில பூனைகள் பின்னங்காலின் குதியைத் தரையில் ஊன்றித் தவழ்வதுபோல நடக்கத் தொடங்கும். சர்க்கரை கூடி நரம்பு பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் அது. நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, கருத்தடை செய்த கடுவன் பூனைகளிடம் இந்தச் சர்க்கரை நோயை அதிகம் பார்க்கிறோம்.

ஆஸ்பத்திரி மேசையில் வைத்ததும் பயத்தில் எந்தப் பூனைக்கும் சர்க்கரை ஏறும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து நோயை முடிவு செய்வதில்லை. சிறுநீரிலும் சர்க்கரை இறங்குகிறதா, கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் செய்யலாம். கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது சொல்லிவிடும். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதனாலேயே சர்க்கரை வந்திருக்கலாம். வீட்டில் தாத்தா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை மட்டும் பூனைக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின் ஊசிதான் வழி. மனிதர்களுக்கு வரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் வகை பூனைக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. பூனைக்கு ஒரு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். காலை ஏழு, மாலை ஏழு என்று ஒரு நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு தோட்டத்தில் சுற்றும் பூனையைத் தேடிப்பிடித்து ஊசி போட முடியாது. சிறுத்தை நடமாட்டம் உள்ள நம் கொடைக்கானல் மலையில் மாலை ஆறு மணிக்கே அதை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து ஊன்றிக் கேளுங்கள். கிளார்ஜின் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருக்கிறது. நம் நாட்டில் 40 யூனிட் இன்சுலினும் தாராளமாகப் புழங்குகிறது. கடையில் ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று மட்டும் கேட்டால் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்ச் கைக்கு வந்துவிடலாம். அதில் கிளார்ஜினை ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். நான்கு கிலோ பூனையின் உயிருக்கே அது ஆபத்து. மாற்றிச் செய்தாலும் தவறுதான்: 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சில் இழுத்தால் அரை யூனிட்கூடத் தேறாது, சர்க்கரை இறங்கவே இறங்காது. மருந்துப் பெட்டியில் எந்த எண் இருக்கிறதோ அதே எண் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

சிரிஞ்சின் அளவும் முக்கியம். ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சு பலவற்றில் இரண்டு யூனிட்டுக்கு ஒரு கோடுதான் இருக்கும். அதில் ஒரு யூனிட் என்பது வெறும் கண்மதிப்பு. 0.3 மில்லிலிட்டர் சிரிஞ்ச், அதிலும் அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் வாங்குங்கள். மலைமேல் இருக்கும் கடைகளில் அது கையிருப்பில் இல்லாமல் போகலாம் என்பதால், இரண்டு மாதத்துக்கானதைச் சேர்த்துச் சொல்லி வையுங்கள். மருந்தை 10 மில்லிலிட்டர் குப்பியாக வாங்குவது வீண்செலவு. இன்சுலின் பேனாவில் போடும் 3 மில்லிலிட்டர் கார்ட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கிறது. பூனைக்கு மாதம் 60 யூனிட்தான் ஆகும். கார்ட்ரிட்ஜின் ரப்பர் மூடி வழியாகவே சிரிஞ்சில் இழுத்துக்கொள்ளலாம். காற்றை மட்டும் உள்ளே செலுத்தாதீர்கள். குலுக்காதீர்கள். தண்ணீரோ வேறு மருந்தோ கலக்காதீர்கள். கிளார்ஜின் தெளிந்த நீர்போல இருக்க வேண்டும், கலங்கினால் கொட்டிவிட வேண்டும். திறந்தபின் 28 நாள் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. ஃபிரிட்ஜில் வைத்து அதற்கு மேலும் பயன்படுத்தலாமா என்பதை உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்சுலின் இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலில் உறைபனி விழும் இரவுகளில், ‘இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு’ என்று ஜன்னலோரம் வைத்துவிடுவார்கள். உறைந்துபோன இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே தெரியும், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஃபிரிட்ஜுக்குள்ளும் உறைபெட்டியை ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள். மழைக்காலத்தில் நாள் முழுக்க மின்சாரம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், நம் வீட்டுக் குளுமையில் மருந்து கெடாது. வத்தலகுண்டுக்கு இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். ஐஸ் நேராகப் படாமல் துணியில் சுற்றிக் குளிர்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

ஊசி போடுவது, பார்க்கும்போது பயமாக இருக்கிற அளவுக்குக் கடினம் இல்லை. பூனை தின்றுகொண்டிருக்கும்போதே போடலாம். விலாப்பக்கத்துத் தோலைக் கூடாரம்போல மெல்லத் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் சாய்வாகச் செலுத்துங்கள். ரோமத்தில் ஈரமும் மருந்து வாசனையும் தெரிந்தால், ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது இன்னொரு ஊசி போடவே கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. அடுத்த நேரத்துக்குக் காத்திருங்கள். ஒரு வேளை மறந்து போனாலும் இதே விதிதான், இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துப் போடக் கூடாது.

வீட்டில் சர்க்கரை பார்க்க, காதின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தநாளத்தை ஒட்டி லான்செட் என்ற சிறு குத்தூசியால் குத்தி ஒரு சொட்டு எடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் பஞ்சு வைத்துக்கொண்டால் உங்கள் விரல் தப்பும். இங்கே காலையில் பூனையின் காது சில்லென்று இருக்கும், எத்தனை குத்தினாலும் ரத்தம் வராது. ஒரு காலுறையில் அரிசியைப் போட்டு இளஞ்சூடாக்கி, உங்கள் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் காதில் ஒத்தடம் கொடுங்கள். குளுக்கோமீட்டருக்கும் குளிர் ஆகாது. பல மெஷின்கள் 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும். மெஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் அரைமணி நேரம் முன்னதாகவே அடுப்படிக்குப் பக்கத்தில், சூடு படாத இடத்தில் வையுங்கள். மூடுபனி நாட்களில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீர்கள், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

மனிதர்களுக்கான மெஷின் பூனையின் சர்க்கரையை உண்மையைவிடக் குறைத்தே காட்டும். ரத்த அணுக்களுக்கும் அதைச் சுற்றியுள்ள நீருக்கும் இடையில் சர்க்கரை பிரிந்திருக்கும் விதம் பூனைக்கு வேறு. அதனால் மெஷினை அடிக்கடி மாற்றாமல் ஒரே மெஷினில் பார்த்து, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனிதர்களைப்போல 100-க்குக் கொண்டுவர வேண்டும் என்ற துடிப்பு வேண்டாம். சிறுநீரில் சர்க்கரை இறங்கத் தொடங்குவது பூனைக்கு ஏறக்குறைய 270-க்கு மேல்தான். நாளின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருந்து, மிகத் தாழ்ந்த அளவும் 80-க்குக் கீழே போகாமல் இருந்தால் பூனை நன்றாக வாழும். ஊசிக்கு முன் ஒரு தடவையும், விடுமுறை நாளில் இரண்டு மணிக்கொரு தடவையாக 12 மணி நேரமும் பார்த்தால், மருத்துவருக்கு அந்த நோட்டே வழி சொல்லும். ஒரு நாள் 400 வந்துவிட்டது என்று நீங்களாகவே மருந்தைக் கூட்டாதீர்கள். கிளார்ஜின் நிலைகொள்ள ஐந்தாறு நாளாகும். கூட்டுவதும் குறைப்பதும் அரை அரை யூனிட்டாகத்தான். தொடக்க வாரங்களில், ஊசிக்கு முன் 200-க்குக் கீழே இருந்தால் ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். தின்ன மறுத்தாலும் கேட்காமல் போடாதீர்கள்.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பூனைகள் பால்சோற்றிலும் பிஸ்கட்டிலும் வளர்கின்றன. பூனை இறைச்சி தின்னப் பிறந்தது. மாவுச்சத்தைக் கையாளும் வலு அதன் உடலுக்குக் குறைவு. சோறு, பால், மாவு மிகுந்த உலர் தீவனம் ஆகியவற்றை விட்டுவிட்டு, மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற வேண்டும். வெறும் வேகவைத்த கோழியை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் கால்சியமும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் போதாது, கண்ணும் இதயமும் கெடும். இன்னொன்று: உணவை மாற்றிய சில நாட்களிலேயே சர்க்கரை சட்டென்று இறங்கும். பழைய அளவு இன்சுலினையே தொடர்ந்தால் விபத்துதான். முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள், அந்த வாரம் தினமும் காதில் பாருங்கள். பருத்த பூனையைப் பட்டினி போடவும் கூடாது. இரண்டு நாள் தின்னாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு அடைக்கத் தொடங்கலாம்.

எனக்குப் பெரிய கவலை லோ சுகர்தான். 400 சர்க்கரை இன்று மாலைக்குள் பூனையைக் கொல்லாது, 30 கொன்றுவிடும். தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, ஒளிந்துகொள்ளுதல், பிறகு வலிப்பு என்று அது முற்றும். 70-க்குக் கீழே கண்டால் உடனே உணவு வையுங்கள். தின்னும் நிலையில் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டித் தேனை விரலில் எடுத்து ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறும். வலிப்பு வரும்போது பல்லுக்கு இடையில் விரல் வைக்காதீர்கள், உதட்டைத் தூக்கி வெளி ஈறில் தடவினால் போதும். பூம்பாறையிலிருந்தோ மன்னவனூரிலிருந்தோ டவுனுக்கு வந்து சேரவே நேரமாகும். ஆகவே தேனைத் தடவிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும், திரும்பவும் இறங்கலாம்.

வாந்தி, சோர்வு, தின்னாமை, வாயில் அழுகிய பழம்போல வாடை: இவை சேர்ந்து வந்தால் உடலில் கீட்டோன் கூடிவிட்டது என்று பொருள். தேனால் தீராது, சலைன் ஏற்ற வேண்டிய நிலை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நோயைத் தொடக்கத்திலேயே பிடித்து, உணவையும் மாற்றி, கிளார்ஜினும் ஒழுங்காகப் போன பூனைகளில் பலவற்றுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. அரை யூனிட் போட்டாலே 100-க்கு அருகில் நிற்கிறது என்று நோட்டில் தெரிந்தால், நிறுத்துவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியில்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சீராக நின்றால் நோய் அடங்கியிருக்கிறது என்கிறோம். திரும்பி வரவும் கூடும். அதனால் மெஷினைப் பரணில் போட்டுவிடாமல் வாரம் ஒரு நாள் காதில் ஒரு சொட்டு பாருங்கள், பால்சோற்றுக்கும் திரும்பாதீர்கள். வணக்கம்.