காட்டுமுயல் வீட்டுக்காரர்கள்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு போலந்துக் குடும்பப் பெயரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஸயொன்ட்ஸ். காட்டுமுயல் என்று அர்த்தம். போலந்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஸயொன்ட்ஸைப் பார்த்துவிடலாம், அவ்வளவு சாதாரணமான பெயர்.

எப்போதோ யாரோ ஒருவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் அது. ஆள் வேகமாக ஓடுவாரோ, காது பெரிதோ, நிழலைப் பார்த்தே நடுங்குவாரோ! கோழையையும் சரி, சத்தம் கேட்டால் விழித்துக்கொள்கிறவரையும் சரி, காட்டுமுயல் மாதிரி என்றுதான் அங்கே சொல்வார்கள். "வேலை என்ன காட்டுமுயலா, ஓடியா போய்விடும்?" என்று ஒரு பழமொழியும் உண்டு, சோம்பேறிகளுக்கு ரொம்ப வசதி.

1563-இல் ட்ரென்ட் பொதுச்சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களின் பெருங்கூட்டம், திருமணப் பதிவேடு வைக்கச் சொன்ன பிறகு, பாதிரியார்கள் இப்படிப்பட்ட பெயர்களை எழுத ஆரம்பித்தார்கள். பெயரைத்தான் எழுதினார்கள், காரணத்தை அல்ல. அப்புறம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்ட அரசுகளுக்கு வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் மாறாத பெயர் தேவைப்பட்டது, தாத்தாவைக் கிண்டல் செய்த சொல் பேரன் கழுத்தில் நிரந்தரமாக மாட்டிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது இலக்கணம்தான். காட்டில் ஓடும் முயல்கள் ஸயொன்ட்ஸே, அந்தக் குடும்பத்தார் ஸயொன்ட்ஸோவியே. பன்மை விகுதியிலேயே மனிதரையும் விலங்கையும் பிரித்துவிடுகிறார்கள். பழைய வழக்கப்படி மனைவி ஸயொன்ட்ஸோவா, கல்யாணமாகாத மகள் ஸயொன்ட்ஸுவ்னா. இன்றைக்குப் பெண்களும் பெரும்பாலும் வெறும் ஸயொன்ட்ஸ்தான்.

இதில் பிறந்ததுதான் ஸயொன்ச்செக், குட்டி முயல். யூசெஃப் ஸயொன்ச்செக் என்ற தளபதி நெப்போலியன் படையில் இருந்து, 1812-இல் பெரெசினா ஆற்றைக் கடக்கும்போது ஒரு காலை இழந்தார். பிறகு 1815-இலிருந்து சாகும்வரை ரஷ்யப் பேரரசரின் பிரதிநிதியாகப் போலந்தை ஆண்டார். ஒற்றைக்காலில் நின்ற முயல் என்று நமக்குச் சொல்லத் தோன்றும், அது நம்ம ஊர்க் குறும்பு.

வூச் நகரத்தில் 1923-இல் பிறந்து அமெரிக்கா போன உளவியலாளர் ராபர்ட் ஸயொன்ட்ஸ், பெயரின் நடுவில் மூக்கொலியோடு வரும் போலந்து எழுத்தை விட்டுவிட்டு, காதில் விழுகிறபடி ஆங்கில 'ஓ'வும் 'என்'னும் போட்டு எழுதினார். முன்பின் தெரியாத சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அது நமக்குப் பிடித்துப்போகும் என்று 1968-இல் காட்டியவர் அவர்தான். நானும் இதற்குள் ஸயொன்ட்ஸ் என்று ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டேன், பிடித்துவிட்டதா?