சுவர் இருந்தால்தான் சித்திரம்

(கிருஷ்ணகிரியில் மாணவர் ஓவியக் கண்காட்சியின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களே, ஆறாம் வகுப்பில் எனக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, முகூர்த்த நாள் என்று தெரிந்தும் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு இங்கே வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தர்மபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்த நண்பர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பந்தல்காரரையும் மைக் செட்காரரையும் இதுவரை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் வணக்கம். காப்பாட்சியர் ஐயா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, கீழே ஒட்டியிருந்த குறிப்பையெல்லாம் படித்துவிட்டுத்தான் மேடை ஏறினார். அதற்குத் தனியாக ஒரு நன்றி. பொன்னாடைக்கும் நன்றி. அதை அம்மா ஏற்கெனவே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

கவின்கலைக் கல்லூரி மாணவன் என்ற முறையில் மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று நீர்வண்ணம். இரண்டு எண்ணெய் வண்ணம். மூன்றாவது, ‘படம் போட்டால் சோறு கிடைக்குமாடா?’ என்று என் பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பதில்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்குத்தான் வீட்டில் இந்தப் பழமொழி. எங்களுக்கோ இதுதான் முதல் பாடம். கடையில் எல்லோரும் கலரைத்தான் கேட்கிறோம். அந்தக் கலர் எதன் மேல் உட்காரப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நீர்வண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணப்பொடியைப் பிசினில் குழைத்தது, அவ்வளவுதான். அதைச் சாதாரண சார்ட் பேப்பரில் போட்டால் தாள் நெளிந்துவிடும், தண்ணீர் பள்ளத்தில் போய்த் தேங்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளில் அதே கலர் சொன்னபடி கேட்கும். அங்கே இடப்பக்கச் சுவரில் கே.ஆர்.பி. அணைப் படம் இருக்கிறது, பாருங்கள். தண்ணீர் மேல் பளபளவென்று வெயில் தெரிகிறதே, அந்த இடத்தில் நான் எதுவும் போடவில்லை. வெறும் தாள்தான். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாளின் வெள்ளை. அதை முதலிலேயே விட்டு வைக்க வேண்டும். மூடிவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

சரி, எண்ணெய் வண்ணம். இது ஆளிவிதை எண்ணெயில் குழைப்பது. தண்ணீர் ஆவியாகிக் காய்வதைப் போல இது காயாது. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகும். நாள் கணக்கில் ஆகும், தடிமனாகப் போட்டால் வாரக் கணக்கில் ஆகும். இது உங்களுக்கு விளங்க வேண்டுமானால் என் மாமாவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மாமா மாங்காய் வியாபாரி. பெங்களூரா மாங்காயைக் கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுகிறவர். அவருக்காக ஒரு மாந்தோப்பைப் பெரிய கான்வாஸில் வரைந்து, திண்ணைத் தூணில் சாய்த்துக் காயவைத்திருந்தேன். அன்றைக்குப் பக்கத்து ஊரில் புதுமனை புகுவிழா. மாமா புது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். “மாமா, ஈரம்!” என்று கத்தினேன். “போடா, போன மாசம் நீ போட்டது பத்து நிமிஷத்துல காஞ்சுதே” என்றார். அவர் சொன்னது அக்ரிலிக். அது பிளாஸ்டிக் பசையில் குழைத்தது, சட்டென்று காயும். இதையெல்லாம் விளக்குவதற்குள் மாமா நன்றாகச் சாய்ந்துவிட்டார். அத்தை பைக்கில் ஹாரன் அடிக்கிறார். மாமா எழுந்து போய்விட்டார், முதுகில் பாதித் தோப்போடு.

விசேஷ வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மரியாதை! பந்தியில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாதான் பொறுக்க முடியாமல், “ஏம்பா, பச்சையும் மஞ்சளுமா இருக்குதே, இது எந்தக் கட்சி? எப்ப ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டிருக்கிறார். அத்தை வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் போனது, பச்சை போகவில்லை, மண்ணெண்ணெய் நாற்றமும் போகவில்லை. அந்தச் சட்டை இன்றைக்கும் டிராக்டர் துடைக்கப் பயன்படுகிறது. மாமா அதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். இன்று நீலச் சட்டை.

அவர் சட்டையில் ஏன் அப்படிப் பிடித்தது? வெறும் துணி எண்ணெயைக் குடிக்கும். அதனால்தான் கான்வாஸுக்கு முதலில் பசை பூசி, அதன் மேல் வெள்ளைப் பூச்சு கொடுக்கிறோம். அது இல்லாமல் எண்ணெய் வண்ணம் நேராகத் துணியில் இறங்கினால் நாளடைவில் துணியே மக்கிப்போகும். மறுபடியும் அதே பேச்சுதான்: சுவர் இருந்தால்தான் சித்திரம்.

அப்புறம் கல்லில் போட்டுப் பார்க்க ஆசை வந்தது. நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட துண்டுக்கல்லில், பளபளப்பு ஏற்றாத சொரசொரப்பான பக்கம் பார்த்து, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் குதிரை போட்டேன். காய்ந்ததும் விரலால் தொட்டால் மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. கருவேலம் பிசின் சேர்த்தேன், நின்றது. மொட்டை மாடியில் வைத்தேன். ஒரு மழை, குதிரை ஓடிப்போய்விட்டது.

ஆனால் பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் ஈட்டி பிடித்த குதிரை வீரர்கள் இன்னும் நிற்கிறார்கள். மல்லச்சந்திரத்தில், கற்பலகைகளால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகளுக்குள்ளேயே வெள்ளை ஓவியங்கள் இருக்கின்றன. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள், அந்த மலையிலும் பாறை ஓவியம் உண்டு. சென்னையில் படிக்கும்போது நண்பர்கள் “உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டால் அணை, மாம்பழம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். இதைச் சொல்வதே இல்லை. அந்தப் பழைய ஓவியன் இடம் பார்த்துப் போட்டிருக்கிறான். மழைச்சாரல் படாத குடைவு, கலரைப் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பு. கலரை விடச் சுவரைத் தெரிந்தவன்.

நான் போய் வந்த ஒரு குன்றின் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் நாலு பேர் பெயிண்ட் டப்பாவோடு கிளம்புவார்கள். அங்கே வெள்ளைக் கோட்டில் ஓர் ஆள் கையைத் தூக்கி நிற்கிறான், உடம்பு என் விரல் அகலம்கூட இல்லை. அவன் இடுப்புக்கு மேல் சிவப்பு எனாமலில் ஒரு இதயம், இரண்டு பெயர்கள், அம்பு. எனாமல் வழிந்து அவன் கால்வரை இறங்கியிருக்கிறது. பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைத்துவிடலாமே என்கிறார்கள். துடைத்தால் எனாமலோடு அவனும் சேர்ந்து போவான். இதை யாரும் தாமாகச் செய்யக் கூடாது, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் செய்ய வேண்டிய வேலை.

ஆட்சியர் அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். பாறையை உடைக்கும் குவாரியை மூடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஓவியம் உள்ள பாறை ஒவ்வொன்றையும் கணக்கெடுத்து, சுற்றிலும் எல்லைக்கல் நட வேண்டும். தமிழில் ஒரு பலகை வேண்டும். அந்தந்த ஊரிலேயே ஒருவருக்குக் காவல் வேலை கொடுங்கள், ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியாத பாறை கிடையாது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடு அழைத்துப்போங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம், நம் மாவட்டத்தின் சுவர் அந்தப் பாறைகள்தான்.

மணி அடித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு வீட்டில் பதில் சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னதையெல்லாம் மனுவாக எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், பேனாவும் கட்டித் தொங்குகிறது. பெயர் எழுத ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் அங்கே எழுதிவிட்டுப் போங்கள். மாமா, நீங்கள்தான் முதல் கையெழுத்து.

நன்றி, வணக்கம்.