பேசும் பேனாவும் இருமொழிக் குழந்தையும்

வணக்கம். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் இன்னொரு மொழியுமாக வளரும் குழந்தைக்கு ஒலிக்கருவி எந்த அளவுக்கு உதவும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

2003-இல் குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா கூலின் குழுவினர், ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் என்ற சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் பேசி விளையாடக் கேட்ட குழந்தைகள் அம்மொழிக்குரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தார்கள். அதே பேச்சைக் காணொளியிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகளிடம் அந்தத் தேர்ச்சி தென்படவில்லை. ஆகவே, கைக்குழந்தையின் அருகில் ஒலிப்பெட்டியை ஓடவிட்டு நாம் வேறு வேலை பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று வயதையொட்டி நிலைமை மாறுகிறது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகளில் அதே புதுச்சொற்களைக் கேட்பவர்களைவிட அவற்றை நன்றாகக் கற்கிறார்கள் என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாம் ஐந்தாவது முறையிலேயே களைத்துவிடுகிறோம்; ஒலிப்பதிவோ ஐம்பதாவது முறையும் அதே தெளிவோடு சொல்லும்.

இதோ, என் கையில் இருப்பது பேசும் பேனா. தாளில் அச்சிட்டிருக்கும் மிக நுண்ணிய புள்ளிகளை இதன் முனையிலுள்ள உணரி படித்து, அந்த இடத்திற்குரிய ஒலியை எழுப்புகிறது. நம் குரலையே பதிந்து இணைத்துக்கொள்ளக்கூடிய ஒட்டிகளோடு (ஸ்டிக்கர்களோடு) வரும் பேனாவையே வாங்குங்கள் என்பேன், ஏனெனில் குழந்தைக்கு நெருக்கமான பாட்டியின் குரலில் 'மழை' என்ற சொல்லின் ழகரம் கேட்பது விலைமதிப்பற்றது.

ஒவ்வொரு படத்திற்கும் மொழிக்கு ஒன்றாக இரண்டு ஒட்டிகளை, இரண்டு நிறங்களில் ஒட்டுங்கள். தனிச்சொல்லை மட்டும் பதியாமல் 'மழை பெய்கிறது, குடை எங்கே?' என்று கேட்டுவிட்டு, குழந்தை பதில் சொல்லச் சில நொடிகள் மௌனமாக விடுங்கள். அந்த மௌனத்தில் நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்து, குழந்தை 'குடை' என்றால் 'ஆமாம், சிவப்புக் குடை' என்று நீட்டிச் சொல்ல வேண்டும். அதைப் பேனாவால் செய்ய இயலாது. ஒலியளவைக் குறைவாகவே வையுங்கள்.

குழந்தைக்குத் தெரிந்த சொற்களைக் கணக்கிடும்போது இரு மொழிகளையும் சேர்த்தே எண்ணுங்கள். ஒரு மொழியை மட்டும் எண்ணிவிட்டுக் குழந்தை பின்தங்கிவிட்டதென்று கலங்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. குளியல், சாப்பாடு, உறக்கம் ஆகிய மூன்று நேரங்களுக்கான பத்துச் சொற்களோடு இன்றே பதிவைத் தொடங்குங்கள்.